கார்க் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புப் பிலிம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமீது ஏறும் சாலையில் பழைய வாடகைக் கார்களும் வேன்களும் நாள்தோறும் போய்வருகின்றன. அவற்றுள் சிலவற்றின் சன்னல் கண்ணாடிகளைக் கூர்ந்து பாருங்கள். ஒரு காலத்தில் கறுப்பாக இருந்த கண்ணாடி கத்தரிப்பூ நிறமாகியிருக்கும். அம்மை கண்ட உடம்பைப்போல் மேலெல்லாம் கொப்புளங்கள் இருக்கும். ஓரங்கள் சுருண்டு நிற்கும். யாரோ நகத்தாலும் பிளேடாலும் சுரண்டிப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்ட வடுக்களும் தெரியும்.

இக்குறைகளெல்லாம் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட மெல்லிய பிலிமில் உள்ளவை. கண்ணாடிக்கு ஒரு கேடும் இல்லை. கடைக்காரர்கள் இதனைச் 'சன் பிலிம்' என்பார்கள். இதை ஒட்டுவது எளிது. பத்தாண்டு வெயிலில் காய்ந்தபின் உரிப்பதுதான் கடினம். அவசரப்பட்டு இழுத்தால் துண்டு துண்டாகக் கிழியும். பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். பொறுமையும் சிறிது பௌதிக அறிவும் உள்ளவர் கையில் அதே பிலிம் வாழை மட்டையின் நார்போல நீளமாக உரிந்து வரும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? அதைத்தான் இக்கட்டுரையில் ஆராயப்போகிறோம்.

ஏன் உரிக்க வேண்டும்?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி, கார்க் கண்ணாடி வழியே எவ்வளவு ஒளி ஊடுருவ வேண்டும் என்று கூறுகிறது. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் கட்புலனாகும் ஒளியில் குறைந்தது 70 சதவீதத்தை விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதத்தை விட வேண்டும். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், கண்ணாடியின்மேல் கறுப்புப் பிலிம் ஒட்டுவதையே தடைசெய்தது. அவ்வாண்டு மே 4 முதல் அத்தடை நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் காவல்துறையினர் சாலையோரத்தில் கார்களை நிறுத்திப் பிலிமை உரிக்கச் செய்த காட்சியை உங்கள் பெற்றோர் நினைவில் வைத்திருப்பார்கள். பிறகு விதி 100 திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல், பிளாஸ்டிக் அடுக்கு உள்ள பாதுகாப்புக் கண்ணாடிக்கு இடம் அளிக்கப்பட்டது. அந்தத் திருத்தத்தை வைத்து, 70, 50 என்னும் அளவுகளை மீறாத பொருளைப் பொருத்தத் தடையில்லை என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 70, 50 என்னும் எண்கள் மாறவில்லை. பழைய கறுப்புப் பிலிம்களுள் மிகப் பல இந்த எண்களைத் தொடமாட்டா.

ஏன் தொடமாட்டா என்பதை ஒரு பெருக்கல் கணக்குக் காட்டிவிடும். காரின் பக்கக் கண்ணாடி தானாகவே ஒளி முழுவதையும் விடுவதில்லை. இரு பரப்புகளிலும் கொஞ்சம் எதிரொளிக்கிறது. கண்ணாடியின் இளம்பச்சைச் சாயல் கொஞ்சம் உட்கவர்கிறது. ஆகவே அது 80 சதவீதம் விடுகிறது என்று கொள்வோம். அதன்மேல் '50 சதவீதப் பிலிம்' ஒட்டினால் மொத்தம் எவ்வளவு? பலரும் 50 என்பார்கள். அது தவறு. 80இல் 50 சதவீதம்தான் உள்ளே வரும், அதாவது 40. சட்ட அளவுக்குக் கீழே போய்விட்டது! 30 சதவீதப் பிலிமானால் 24 மட்டுமே. பழைய பிலிமை உரிக்காமல் அதன்மேலேயே இன்னொரு 30 சதவீதப் பிலிமை ஒட்டினால் 0.8 × 0.3 × 0.3 = 0.072, அதாவது 7 சதவீதம்தான். ஒன்றன்பின் ஒன்றாக வைத்த வடிகட்டிகளின் ஒளி ஊடுருவும் அளவுகளைப் பெருக்க வேண்டும். கூட்டவோ கழிக்கவோ கூடாது.

இனி மலைச்சாலைக்கு வருவோம். நேர்ச்சாலையில் ஓட்டுநர் முன்கண்ணாடி வழியே பார்த்தால் போதும். கொண்டை ஊசி வளைவில் அப்படியன்று. திரும்பவேண்டிய சாலை அப்போது பக்கக் கண்ணாடியில் இருக்கிறது. காரின் முகப்பு விளக்கோ நேரே மரங்களின்மேல் விழுகிறது. வளைவின் உட்புறத்துக்கு அது எட்டாது. அங்கே இருப்பது மாலையின் மங்கிய ஒளி மட்டுமே. அந்த மங்கிய ஒளியிலும் நான்கில் மூன்று பங்கைப் பிலிம் தடுத்துவிட்டால், தலையில் விறகுச் சுமையுடன் ஓரமாக நடந்துவரும் ஒரு பெண்ணோ, பள்ளி விட்டு வரும் ஒரு சிறுவனோ ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். கொப்புளங்கள் உள்ள பிலிம் இன்னும் மோசம். ஒவ்வொரு கொப்புளமும் எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தைச் சிதறடித்துக் கண்ணைக் கூசச்செய்யும்.

வெயிலைத் தடுக்கத்தானே ஒட்டினோம் என்று கேட்கலாம். தரையை வந்தடையும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாகும். சாதாரணச் சாயப் பிலிம் கட்புலனாகும் ஒளியைத் தடுப்பதில் கெட்டி. அகச்சிவப்பைத் தடுப்பதில் அவ்வளவு கெட்டியன்று. தான் உட்கவர்ந்த ஆற்றலால் சூடேறி, அதில் ஒரு பகுதியைக் காருக்குள்ளேயே வெளியிடவும் செய்கிறது. ஆகவே இருட்டாக இருக்கிறது என்பதற்காகக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று பொருளன்று.

பிலிமின் உடலமைப்பு

பிலிமின் முக்கியப் பகுதி பாலியெஸ்டர் தாள். பாலி எதிலீன் டெரிப்தலேட் என்பது அதன் வேதியியல் பெயர். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் இதைக் கண்டுபிடித்தனர். நீங்கள் உடுத்தும் டெரிலின் துணியும், தண்ணீர்ப் பாட்டிலும் இதே பொருள்தான். பிலிமில் இது சுமார் 25 முதல் 50 மைக்ரோமீட்டர் தடிப்பே உள்ளது. ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தாளின் ஒரு புறத்தில் கீறல் படாமல் காக்கும் கடினப் பூச்சு. மறுபுறத்தில், கண்ணாடியைத் தொடும் பக்கத்தில், அக்ரிலிக் பசை. சாயமோ, மிக மெல்லிய உலோகப் படலமோ இடையில் இருக்கும்.

வெயில் இம்மூன்றையும் வெவ்வேறு வகையில் தாக்குகிறது. பக்கக் கண்ணாடி வழியே நுழையும் புற ஊதாக்கதிர்கள் சாய மூலக்கூறுகளை உடைக்கின்றன. மலிவான பிலிமில் பல நிறச் சாயங்களைக் கலந்தே கறுப்பை உண்டாக்குகிறார்கள். அவை ஒரே வேகத்தில் அழிவதில்லை. மற்றவை முதலில் வெளுத்துவிட, எஞ்சி நிற்பதே அந்தக் கத்தரிப்பூ நிறம். அதே கதிர்கள் பசையின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளையும் சிதைக்கின்றன. பசை பிடிப்பு இழந்த இடங்களில் தாள் எழும்பிக் கொப்புளமாகிறது. பாலியெஸ்டர் தாளும் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைகிறது. ஆகவே பழைய பிலிம் ஓரிடத்தில் தானாகவே எழும்பியிருக்கும். பக்கத்திலேயே பிடிவாதமாக ஒட்டியிருக்கும்.

பசை எவ்வாறு ஒட்டுகிறது?

சுவரில் ஓடும் பல்லியின் காலில் பசை இல்லை. அதன் விரலடியில் உள்ள எண்ணற்ற நுண்மயிர்கள் சுவரின் மேடுபள்ளங்களை மிக நெருங்கித் தொடுகின்றன. அவ்வளவு நெருக்கத்தில் மூலக்கூறுகளுக்கிடையே எழும் வான் டெர் வால்ஸ் விசை பல்லியைத் தாங்குகிறது. 2002ஆம் ஆண்டு கெல்லர் ஆட்டம் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இதற்குச் சான்று காட்டினர்.

பிலிமின் பசையும் இதே வழியில்தான் ஒட்டுகிறது. அது ஒரு மென்மையான பொருள். மெல்ல வழிந்து கண்ணாடியின் நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்பிக்கொள்கிறது. கண்ணாடிக்கும் பசைக்கும் இடையே உள்ளது வேற்றினக் கவர்ச்சி. பசையின் மூலக்கூறுகள் தமக்குள் பற்றிக்கொள்வது ஓரினக் கவர்ச்சி. இவ்விரண்டையும் பாடப்புத்தகத்தில் நீர்த்துளியைப் பற்றிப் படிக்கும்போது சந்தித்திருப்பீர்கள்.

ஆனால் ஒரு புதிர் இருக்கிறது. வான் டெர் வால்ஸ் விசையை மட்டும் கணக்கிட்டால், ஒரு சதுர மீட்டர் பரப்பைப் பிரிக்க 0.1 ஜூல் அளவு ஆற்றலே போதும். உண்மையிலோ, இத்தகைய பசையை உரிக்கச் சில நூறு ஜூல் தேவைப்படுகிறது. எஞ்சிய ஆற்றல் எங்கே போகிறது? செல்லோடேப்பை மெதுவாக உரித்து, பிரியும் இடத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பசை நூல் நூலாக இழுபடுவது தெரியும். அந்த நூல்களை இழுத்து நீட்டுவதிலேயே பெரும்பங்கு ஆற்றல் செலவாகி வெப்பமாக மாறிவிடுகிறது. இது மிக முக்கியமான செய்தி. பிலிமை எளிதில் உரிக்க வேண்டுமானால், நூல்களை எளிதில் வழியவிடும் உபாயத்தைத் தேட வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

பிலிமைக் கண்ணாடிக்குச் செங்குத்தாக இழுப்பதாகக் கொள்வோம். ஒரு சதுர மீட்டரைப் பிரிக்க 400 ஜூல் தேவை என்க. வேலை = விசை × தொலைவு என்பது நீங்கள் அறிந்த சூத்திரம். ஒரு மீட்டர் அகலமுள்ள பிலிமை ஒரு மீட்டர் தூரம் உரித்தால் 400 ஜூல் வேலை. ஆகவே விசை 400 நியூட்டன். அகலம் 30 செ.மீ. ஆனால் விசை 120 நியூட்டன்; அதாவது 12 கிலோ எடையைத் தூக்குவதற்கு ஈடு. அகலம் 5 செ.மீ. ஆனால் 20 நியூட்டன்; 2 கிலோ எடைதான்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? உரிக்கும் விசை, ஒட்டியிருக்கும் மொத்தப் பரப்பைப் பொறுத்ததன்று. எந்தக் கோட்டில் பிரிகிறதோ அந்தக் கோட்டின் நீளத்தை மட்டுமே பொறுத்தது. ஆகவேதான் மூலையிலிருந்து தொடங்க வேண்டும். மூலையில் கோடு சிறியது. கண்ணாடிக்கு இணையாக இழுத்தாலோ, அகன்றதொரு பரப்பு முழுவதும் எதிர்த்து நிற்கும். பல்லியும் காலைத் தூக்கும்போது விரல் நுனியிலிருந்து சுருட்டி எடுக்கிறதே தவிர, பாதத்தை மொத்தமாக இழுப்பதில்லை.

அடுத்த கேள்வி: பிலிம் ஏன் கிழிகிறது? பாலியெஸ்டர் தாள் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 150 நியூட்டன் தாங்கும். 25 மைக்ரோமீட்டர் தடிப்பும் 30 செ.மீ. அகலமும் உள்ள தாளின் குறுக்குவெட்டுப் பரப்பு 7.5 சதுர மில்லிமீட்டர். ஆகவே அது 1,125 நியூட்டன் தாங்க வேண்டும். நாம் இழுப்பது 120 நியூட்டனே. கணக்குப்படி கிழியவே கூடாது!

ஜவுளிக் கடையில் துணியை எப்படிக் கிழிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஓரத்தில் கத்தரியால் ஒரு சிறு வெட்டு வைத்துவிட்டு, இரு கைகளாலும் 'சர்'ரென்று இழுக்கிறார்கள். வெட்டு இல்லாவிடில் அதே துணி பலசாலியின் கைக்கும் மசியாது. வெட்டின் முனையில் விசை முழுவதும் குவிகிறது. 1921இல் ஏ. ஏ. கிரிஃபித் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர், கண்ணாடி எளிதில் உடைவதற்கு அதன் நுண்ணிய கீறல்களே காரணம் என்று காட்டினார். பழைய பிலிமிலும் இதுவே நிகழ்கிறது. நகத்தால் பிய்த்த ஓரமும், பிளேடு பட்ட வெட்டும் கிழிசலின் விதைகள். வயதால் நொறுங்கும் தன்மை அடைந்த தாளில் அந்த விதை உடனே முளைத்துவிடுகிறது. ஆகவே முதல் ஓரத்தைப் பிய்க்காமல், நேராகவும் முழுமையாகவும் எழுப்புவதே பாதி வெற்றி.

வெப்பம் செய்யும் உதவி

நம் ஊர்ப் பக்கத்தில் பலாப்பழம் அறுத்தவர்களுக்கு அதன் பாலைப் பற்றித் தெரியும். வேகமாக இழுத்தால் மீள்கிறது. மெதுவாக இழுத்தால் நூலாக நீள்கிறது. பிலிமின் பசையும் இத்தகைய இரட்டைக் குணம் உடையது. வேகமாக இழுத்தால் திண்மம்போல் விறைக்கும். மெதுவாக இழுத்தால் திரவம்போல் வழியும். சூடேற்றினாலும் வழியும். மெதுவாக இழுப்பதும் சூடேற்றுவதும் பசைக்கு ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று நழுவிச்செல்ல வாய்ப்புத் தருகின்றன.

சூடேற்றியதால் தேவைப்படும் ஆற்றல் கால் பங்காகக் குறைந்தால், முன்சொன்ன 12 கிலோ 3 கிலோவாகிவிடும். அப்படியானால் இன்னும் இன்னும் சூடேற்றலாமே? கூடாது. அளவுக்கு மீறினால் பசையின் ஓரினக் கவர்ச்சி, வேற்றினக் கவர்ச்சியைவிடக் குறைந்துவிடும். அப்போது பசை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கண்ணாடியிலேயே தங்கும். மேலும் ஏறத்தாழ 75° செ. வெப்பநிலையில் பாலியெஸ்டர் தாளே விறைப்பு இழந்து நீளத் தொடங்கும். ஆகவே 60°, 70° செ. அளவு இளஞ்சூடும், சீரான மெதுவான இழுப்புமே சிறந்த வழி.

எந்த நேரத்து வெயில்?

இந்தச் சூட்டைச் சூரியனிடமிருந்தே பெறலாம். பிலிமின்மேல் சோப்பு நீரைத் தெளித்து, கறுப்புப் பாலிதீன் தாளைக் கொப்புளமின்றிப் படியவைத்து, காரை வெயிலில் நிறுத்துவார்கள். வெளுத்துப்போன பிலிம் ஒளியை அதிகம் உட்கவராது. கறுப்புத் தாள் அதை ஈடுசெய்கிறது. நீர் இல்லாவிடில் இடையில் காற்று நின்று வெப்பம் கடத்துவதைத் தடுக்கும். காற்று அரிதிற் கடத்தி அல்லவா?

எந்த நேரத்தில் நிறுத்துவது? நண்பகல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கள்ளக்குறிச்சி ஏறத்தாழ 11.7° வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம், நான்காம் வாரங்களை ஒட்டியும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. அப்போது செங்குத்தான பக்கக் கண்ணாடியைக் கதிர்கள் உரசிக்கொண்டு போகுமே தவிர, அதன்மேல் விழா. காரின் கூரைதான் கொதிக்கும். சூரியன் தொடுவானத்திலிருந்து 40° உயரத்தில் இருக்கும்போது, அதை நோக்கிய செங்குத்துப் பரப்பின்மேல் கதிரின் வலிமையில் கொசைன் 40°, அதாவது 0.77 பங்கு விழுகிறது. காலை 9 மணியும் பிற்பகல் மூன்றரை மணியும் இதற்கு ஏற்ற வேளைகள். சாய்ந்திருக்கும் பின்கண்ணாடிக்கு மட்டுமே நண்பகல் வெயில் பொருத்தமானது.

எவ்வளவு நேரம் ஆகும்? பக்கக் கண்ணாடியின் பரப்பு 0.3 சதுர மீட்டர், தடிப்பு 4 மி.மீ. என்று கொண்டால் அதன் நிறை 3 கிலோ. கண்ணாடியின் தன்வெப்பம் கிராமுக்கு 0.84 ஜூல். 40° சூடேற்ற 3,000 × 0.84 × 40 = ஏறத்தாழ 1,00,000 ஜூல் வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் கிடைத்தால் இக்கண்ணாடிக்கு 150 வாட். எல்லாம் உட்கவரப்பட்டால் 670 வினாடி. சுமார் 11 நிமிடம். வெளிக்காற்று வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் உண்மையில் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு நேரம் ஆகும். காற்று பலமாக வீசினால் விரும்பிய சூடு ஏறாமலும் போகலாம். காற்றில்லாத மறைவில் நிறுத்துவது நல்லது.

நீராவியின் நற்குணம்

இட்லிப் பானையின் மூடியைத் திறக்கையில் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு நீராவியின் வலிமை தெரியும். ஒரு கிராம் நீராவி நீராகக் குளிரும்போது ஏறத்தாழ 2,260 ஜூல் உள்ளுறை வெப்பத்தை வெளியிடுகிறது. மேலே கண்ட 1,00,000 ஜூலைத் தர 45 கிராம் நீராவி போதும். கால் தம்ளர் தண்ணீர்கூட இல்லை!

துணிக்கு ஆவி பிடிக்கும் சிறு நீராவிக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றுக்கு இன்னொரு நற்குணமும் உண்டு. பெயின்ட் உரிக்கப் பயன்படும் வெப்பக் காற்றுக் கருவி சில நூறு பாகை சூட்டை ஓரிடத்தில் கக்கும். தாளும் கதவின் ரப்பர் பட்டையும் கருகிவிடும். நீராவியோ 100° செ.க்கு மேல் எதையும் சூடாக்காது. இயற்கையே வைத்த கட்டுப்பாடு அது. வெள்ளிமலையில் இது இன்னும் சிறிது குறையும். உயரம் 300 மீட்டர் கூடினால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 1° செ. குறையும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆயினும் கையுறை இல்லாமல் நீராவிக் கருவியைத் தொடக்கூடாது.

முன்கண்ணாடியில் இன்னும் எச்சரிக்கை தேவை. பக்கக் கண்ணாடி, கடுஞ்சூட்டிலிருந்து வேகமாகக் குளிர்வித்து உறுதியாக்கப்பட்டது. அதன் மேற்பரப்பு எப்போதும் இறுக்கத்தில் இருப்பதால் வெப்ப வேறுபாட்டை ஓரளவு தாங்கும். முன்கண்ணாடியோ இரண்டு கண்ணாடிகளின் நடுவே பிளாஸ்டிக் அடுக்கு வைத்து ஒட்டப்பட்டது. ஓரிடத்தில் மட்டும் சூடேற்றினால் அவ்விடம் விரிய, சுற்றுப்புறம் விரிய மறுக்க, விரிசல் விழும். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் இதே காரணத்தால் ஆபத்து.

எஞ்சிய பசை

பலாப்பாலை நீரால் கழுவினால் போகாது. எண்ணெய் தடவினால் இளகிவிடும். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்பது வேதியியலின் எளிய விதி. பிலிமின் அக்ரிலிக் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இளக்கும். துணியில் நனைத்துச் சிறிது நேரம் ஒற்றி வைத்து, பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுக்கலாம். சோப்பு நீர் பசையைக் கரைப்பதில்லை. வழித்தெடுத்த பசை மறுபடி ஒட்டாமல் நடுவில் நின்று வழுக்கச் செய்வதே அதன் வேலை.

சில பட்டறைகளில் அம்மோனியாவும் தின்னரும் பயன்படுத்துகிறார்கள். அவை பசையை இளக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்த வேலையைச் செய்பவர் பெரும்பாலும் நீங்கள் படிக்கும் வகுப்பைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆன இளைஞர். நான்கு கதவும் மூடிய காருக்குள், வெயிலில், அந்த ஆவியை அவர் சுவாசிக்கிறார். அம்மோனியா கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். தின்னர் ஆவி தலைசுற்றலைத் தருவதோடு, ஒரு பொறி பட்டாலும் தீப்பிடிக்கும். பக்கத்தில் வெப்பக் காற்றுக் கருவி இருந்தால் கேட்கவே வேண்டாம். அம்மோனியாவைப் பிளீச்சிங் கரைசலுடன் சேர்த்தால் நச்சுவாயு உண்டாகும். கதவுகளைத் திறந்து வைத்து, நீராவியாலும் வெயிலாலும் முடிகிற வேலையை அவற்றாலேயே முடிப்பதுதான் அறிவுடைமை.

பின்கண்ணாடியின் கோடுகள்

சில கார்களின் பின்கண்ணாடியில் மெல்லிய கிடைக்கோடுகளைக் கண்டிருப்பீர்கள். அவை அலங்காரத்துக்கு அல்ல. வெள்ளி கலந்த பூச்சால் கண்ணாடியின் உட்புறத்தில் அச்சிடப்பட்ட மின்கடத்திகள் அவை. மார்கழிக் காலையில் மலைமேல் குளிர்ந்த கண்ணாடியில் உள்ளிருப்போரின் மூச்சுக்காற்று பனித்துப் படியும். அந்தக் கோடுகளில் மின்னோட்டம் பாய்ந்து கண்ணாடியைச் சூடாக்கிப் பனியை நீக்கும்.

எளிமைக்காக 12 கோடுகள், ஒவ்வொன்றின் மின்தடை 12 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அவை பக்க இணைப்பில் உள்ளன. 12 வோல்ட் பேட்டரியில் ஒவ்வொரு கோட்டிலும் 1 ஆம்பியர். மொத்தம் 12 ஆம்பியர், 144 வாட். பிலிமைச் சுரண்டும்போது பிளேடு ஒரு கோட்டை அறுத்துவிட்டால் அந்தக் கோடு மட்டும் செயலிழக்கும். மற்றவை முன்போலவே இயங்கும். பக்க இணைப்பின் பயன் இது. ஆனால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் பிளேடை ஓட்டினால் பன்னிரண்டும் அறுந்துபோகும்! ஆகவே பின்கண்ணாடியில் பிளேடைத் தொடவே கூடாது. சூடேற்றி, கோடுகளின் திசையிலேயே மெதுவாக உரிப்பதும், எஞ்சிய பசையை அதே திசையில் துணியால் துடைப்பதுமே வழி.

நீங்களே செய்து பாருங்கள்

இதையெல்லாம் அறிய காரோ பிலிமோ தேவையில்லை. எவர்சில்வர் டிபன் பெட்டி ஒன்றை இரு புத்தக அடுக்குகளுக்கு இடையே பாலம்போல் வையுங்கள். பெட்டியின் அடிப்பக்கத்தில் செல்லோடேப்பை 10 செ.மீ. நீளம் ஒட்டி, மீதி நுனியைத் தொங்கவிடுங்கள். நுனியில் ஒரு சிறு பையைக் கட்டி, நாடா மெல்ல உரியத் தொடங்கும்வரை சிறிது சிறிதாக மணல் இடுங்கள். 10 செ.மீ. உரிய எத்தனை வினாடி ஆகிறது என்று குறியுங்கள். பிறகு புதிய நாடா ஒட்டி, அதே மணலுடன், பெட்டிக்குள் கைபொறுக்கும் சூடுள்ள நீரை ஊற்றிப் பாருங்கள். நேரம் எவ்வளவு குறைகிறது? பாதி அகலத்துக்கு வெட்டிய நாடாவுக்கு எவ்வளவு மணல் போதும்? நாடாவின் ஓரத்தில் சிறு வெட்டு வைத்தால் என்ன ஆகிறது?

இன்னொரு சோதனைக்குக் கடைகளில் கிடைக்கும் வண்ணக் கண்ணாடிக் காகிதம் போதும். ஒளியை அளக்கும் செயலி உள்ள கைப்பேசியின் ஒளி உணரியை ஒரு தாள், இரண்டு தாள், மூன்று தாள் என மூடி அளவுகளைக் குறியுங்கள். ஒவ்வொரு தாளும் முந்தைய அளவை ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைப்பதைக் காண்பீர்கள். வண்ணம் உள்ளதால் முதல் தாளின் விகிதம் சற்று மாறுபடலாம். அது ஏன் என்று சிந்தியுங்கள்.

அதன்பின் உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரிடம் அந்த எண்களைக் காட்டுங்கள். '50 சதவீதப் பிலிம்தான் ஒட்டியிருக்கிறேன்' என்று அவர் சொன்னால், 80 × 50 என்ற பெருக்கலைப் போட்டுக் காட்டுங்கள். மாலை மங்கும் நேரத்தில், வளைவின் ஓரமாக நடந்துவருபவர் அவர் கண்ணில் படுவதற்கு அந்தச் சிறு பெருக்கல் உதவக்கூடும்.